விளக்கு எரிந்தால் இறங்கலாமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

உணவின்றிப் பல நாள் வாழலாம்; நீரின்றிச் சில நாள் வாழலாம்; காற்றின்றிச் சில நிமிடங்கள்கூட வாழ இயலாது என்பது நாம் பள்ளியிலேயே படித்த பாடம். ஆனால் காற்று நிறைந்திருந்தும் உயிர் வாழ இயலாத இடங்கள் நம் வீட்டுக் கொல்லையிலும் வயற்காட்டிலுமே இருக்கின்றன என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பாழுங்கிணறு, தூர் வாரும் கிணறு, செப்டிக் டேங்க், பாதாளச் சாக்கடை, சாண எரிவாயுத் தொட்டி, ஆலைகளில் உள்ள பெரிய கலன்கள் ஆகிய இவை அனைத்தையும் தொழிற்பாதுகாப்பு நூல்கள் 'அடைபட்ட இடங்கள்' என்ற ஒரே வகையில் அடக்குகின்றன. ஆள் உள்ளே நுழைந்து வேலை செய்யலாம். ஆனால் வழி குறுகியது, காற்றோட்டம் குறைவு, தொடர்ந்து தங்குவதற்கென்று கட்டப்பட்ட இடமுமன்று. இவையே அவற்றின் இலக்கணம்.

வேதியியல் மாணவனாகிய நான் இப்பொருளைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. என் தந்தையார் கிணறு வெட்டும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வகுப்பில் வாயுக்களின் மூலக்கூறு எடையைப் பற்றிப் பேராசிரியர் பாடம் நடத்தும்போதெல்லாம், கயிற்றில் தொங்கிக்கொண்டு ஐம்பதடி ஆழத்திற்கு இறங்கும் ஒருவர் என் கண்முன் தோன்றுவார். படித்த பாடத்தை அவருக்குப் பயன்படும்படி சொல்ல முடியுமா என்று முயன்றதன் விளைவே இக்கட்டுரை.

நம் மாவட்டமும் கிணறும்

1974-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் தனி மாவட்டமாக உருவான புதுக்கோட்டையில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. வெள்ளாறும் பாம்பாறும் அக்கினியாறும் மழைக்காலத்து விருந்தாளிகள். ஆகவே கண்மாயும் கிணறுமே நம் உழவர்க்குத் துணை. குளத்தூர், இலுப்பூர், திருமயம் பக்கங்களில் சில அடி மண்ணுக்குக் கீழே பாறை. அங்கே கம்ப்ரஸரால் துளையிட்டு, வெடி வைத்துத்தான் கிணறு ஆழப்படும். ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கங்களில் மண் இளகியது; உறை இறக்கிய கிணறுகள் அங்கே மிகுதி.

கிணற்றில் தூர் வாருவதும் ஆழப்படுத்துவதும் பெரும்பாலும் சித்திரை, வைகாசி மாதங்களில்தான் நடைபெறும். தண்ணீர் வற்றியிருப்பதால் வேலைக்கு வசதி என்பது உழவர் கணக்கு. ஆனால் இயற்பியல் வேறொரு கணக்குச் சொல்கிறது. கோடையில் மேலே உள்ள காற்று சூடானது, எடை குறைந்தது. கிணற்றின் அடியில் உள்ள காற்று குளிர்ந்தது, எடை மிகுந்தது. கனமானது கீழும் இலேசானது மேலுமாக இருக்கும்போது இரண்டும் கலப்பதற்குக் காரணமே இல்லை. குளிர்காலத்து இரவுகளில் மேற்காற்று குளிர்ந்து கீழே இறங்கிக் கிணற்றை ஓரளவு தானே கழுவிவிடும். கோடைப் பகலில் அந்த உதவியும் இல்லை. அதாவது, நாம் கிணற்றில் இறங்குவதற்குத் தேர்ந்தெடுத்த காலமே கிணற்றுக் காற்று அசையாமல் தேங்கிக் கிடக்கும் காலம்.

ஒரே கதை, பல ஊர்கள்

2024 ஏப்ரல் 9-ஆம் நாள், மகாராஷ்டிரத்தின் அகமதுநகர் (இன்றைய அகில்யாநகர்) மாவட்டத்தில் வாக்கடி என்னும் ஊரில், சாணக் கழிவு விடப்பட்டுவந்த பழங்கிணறு ஒன்றில் பூனை விழுந்தது. அதை எடுக்க ஒருவர் இறங்கினார். அவர் திரும்பாததால் அடுத்தவர், அவருக்காக இன்னொருவர். இப்படி ஐவர் மாண்டனர். ஆறாவதாக இறங்கியவர் மட்டும் பிழைத்தார். அவர் இடுப்பில் கயிறு கட்டியிருந்தார். மேலே இருந்தவர்கள் இழுத்துவிட்டனர்.

அதே ஆண்டு சூலை 5-ஆம் நாள் சத்தீசுகரின் கிகிர்தா ஊரில், கிணற்றில் விழுந்த மரத்துண்டை எடுக்கப் போய் ஐவர் இறந்தனர். 2025 ஏப்ரல் 3-ஆம் நாள் மத்தியப்பிரதேசத்தின் காண்டுவா மாவட்டத்துக் கொண்டாவத் ஊரில் திருவிழாவுக்காகக் கிணற்றைத் தூய்மை செய்ய இறங்கியவர்களும், அவர்களைக் காக்க இறங்கியவர்களுமாக எண்மர் மாண்டனர். நம் தமிழகத்தில், 2019 மார்ச் 26-ஆம் நாள் சிறீபெரும்புதூரை அடுத்த நெமிலியில் ஒரு செப்டிக் டேங்கில் அறுவர் உயிரிழந்தனர். அவர்களில் மூவர் ஒரே குடும்பத்தினர்.

இந்நிகழ்ச்சிகளில் ஒரு பொதுத்தன்மை இருப்பதைக் காணலாம். வேலைக்காக இறங்கியவர்கள் சிலர். காப்பாற்ற இறங்கியவர்கள் பலர். அமெரிக்காவின் தேசியத் தொழிற்பாதுகாப்பு, நலவாழ்வு நிறுவனம் 1986-ஆம் ஆண்டு வெளியிட்ட எச்சரிக்கை அறிக்கை, அடைபட்ட இடங்களில் இறந்தோரில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பிறரை மீட்கச் சென்றவர்களே என்று கூறிற்று. கோழைகள் இவ்விதம் சாவதில்லை. அண்ணன் விழுந்தான் என்றதும் யோசியாமல் குதிக்கும் தம்பியே சாகிறான். அந்த நல்ல மனத்தை வீணாக்காமல் காப்பது எப்படி என்பதே நம் கேள்வி.

கண்ணுக்குத் தெரியாத நால்வர்

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 விழுக்காடு. கிணற்றடியில் இலை அழுகும்போதும், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மூச்சுவிடும்போதும், பாறையிலுள்ள இரும்புத் தாதுக்கள் துருவேறும்போதும் இந்த ஆக்சிஜன் செலவாகிறது. 19.5 விழுக்காட்டிற்குக் கீழே போனால் குறைபாடு என்று கொள்வர். 10 விழுக்காட்டை நெருங்கும்போது நினைவு தடுமாறும். 6 விழுக்காட்டிற்குக் கீழே சில நொடிகளில் மயக்கம், சில நிமிடங்களில் மரணம். இந்த ஆக்சிஜன் குறைவையே முதல் பகைவனாகக் கொள்வோம்.

இரண்டாவது கரியமில வாயு. இதன் மூலக்கூறு எடை 44. காற்றின் சராசரியோ 29. அவகாட்ரோ விதிப்படி, ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் இது காற்றைப்போல் ஒன்றரை மடங்கு கனமானது. ஆகவே பள்ளத்தில் தங்கும். இத்தாலியில் நேபிள்ஸ் நகருக்கருகே 'நாய்க்குகை' என்று ஒன்று உண்டு. அதில் நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்கு ஒன்றும் நேராது. அவன் காலடியில் வரும் நாய் மயங்கி விழும். தரையோடு படிந்த கரியமில வாயுவே காரணம். நம் கிணற்றிலும் நின்றுகொண்டு மண் அள்ளுபவர் தெம்பாக இருக்க, குனிந்து கல் புரட்டுபவர் சாய்வது இவ்வாறே நிகழலாம். காற்றில் இது 10 விழுக்காடானால், சில நிமிடங்களில் நினைவு தப்பும்.

மூன்றாவது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் பற்றுடையது. இது கிணற்றில் தானாகத் தோன்றுவதில்லை. நாம்தான் கொண்டுபோய் வைக்கிறோம். எவ்வாறெனில், மேலே வைத்த பம்பு நடைமுறையில் இருபத்தைந்து அடி ஆழத்திற்குக் கீழிருந்து நீரை உறிஞ்சாது. வளிமண்டல அழுத்தத்தின் எல்லை அது. நீர்மட்டம் இறங்க இறங்க, ஆயில் எஞ்சினைக் கிணற்றின் பாதியில் மேடை கட்டி இறக்கிவிடுகின்றனர். அது விடும் புகை வெளியேற வழியின்றிக் கிணற்றிலேயே தங்குகிறது. பாறைக் கிணற்றில் வெடி வைத்த பிறகு எழும் புகையிலும் இவ்வாயு உண்டு. அதோடு நைட்ரஜன் ஆக்சைடுகளும் உண்டு.

நான்காவது ஹைட்ரஜன் சல்பைடு. சல்பைடு உப்பின்மீது நீர்த்த அமிலத்தை விட்டவுடன் ஆய்வுக்கூடம் முழுதும் பரவும் அழுகிய முட்டை நாற்றம் நாம் அறிந்ததே. செப்டிக் டேங்கிலும் சாக்கடையிலும் பிறப்பது இவ்வாயுவே. இதன் கொடுமை என்னவெனில், காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே நாறும். நூறு பங்கை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கின் உணர்வையே கொன்றுவிடும். 'நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம்' என்று எண்ணும் நேரமே பேராபத்தான நேரம். ஆயிரம் பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சில் ஆள் சாய்வான். மேலும் இது கசடுக்குள் கரைந்து கிடக்கும். சோடாப் புட்டியைக் குலுக்கினால் பொங்குவதுபோல், கம்பு கொண்டு கிளறியதும் வெளிப்படும். மூடியைத் திறந்தபோது பாதுகாப்பாக இருந்த தொட்டி, வேலை தொடங்கியதும் கொலைக்களமாவது இதனால்தான்.

செப்டிக் டேங்கில் மீத்தேனும் உண்டு. அது காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை இருக்கும்போது ஒரு தீப்பொறி போதும், வெடிக்கும்.

ஒரு சிறு கணக்கு

'ஒரு கிணற்றுக் காற்றைக் கெடுக்க எவ்வளவு குப்பை வேண்டும்?' என்று நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மீட்டர் குறுக்களவுள்ள உறைகிணறு. அடியில் இரண்டு மீட்டர் உயரத்திற்கு அசையாத காற்று. அதன் கன அளவு 1.57 கன மீட்டர், அதாவது 1570 லிட்டர். இதில் ஆக்சிஜன் 21-லிருந்து 10 விழுக்காடாகக் குறைய வேண்டுமானால், ஏறத்தாழ 173 லிட்டர் ஆக்சிஜன் செலவாக வேண்டும். அறை வெப்பநிலையில் ஒரு மோல் வாயு 24.5 லிட்டர், ஆகவே இது ஏழு மோல்.

காய்ந்த இலையின் பெரும்பகுதி செல்லுலோசு. அதன் ஓர் அலகின் எடை 162. அது முற்றும் சிதைய ஆறு மோல் ஆக்சிஜன் தேவை. எனவே ஏழு மோலுக்கு வேண்டியது சுமார் 190 கிராம். கால் கிலோ கூட இல்லை! வெளிக்காற்று கலக்காத நிலையில், இரண்டு கை காய்ந்த சருகு அழுகினாலே ஓர் உறைகிணற்றின் அடிக்காற்று மனிதனுக்கு ஆகாததாகிவிடும். அத்துடன் அதே அளவு கரியமில வாயுவும் அங்கே சேர்ந்திருக்கும். 'எங்கள் கிணறு சுத்தமான கிணறு' என்று சொல்பவர்கள் இக்கணக்கை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

விளக்கு சொல்வதும் சொல்லாததும்

நம் முன்னோர் இவ்வாபத்தை அறியாதவர்களல்லர். இறங்குமுன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பர். வேப்பங்கொத்தைக் கட்டி மேலும் கீழும் வீசுவர். வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றுவர். இவற்றைப் பற்றி என் தந்தையாரிடம் கேட்டேன்.

"வெளக்கு அணைஞ்சா எறங்கக் கூடாது தம்பி. வெளக்கு எரிஞ்சா எறங்கலாம். எங்கப்பா எனக்குச் சொல்லிக் குடுத்தது இதுதான்" என்றார்.

"எஞ்சின் ஓடுன கெணத்துலயும் வெளக்கு எரியுமாப்பா?" என்றேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எரியும். ஒரு தடவை எரிஞ்சுச்சு. நம்பி எறங்குன ஆளு ஏணியிலயே கைய விட்டுட்டாரு. கீழ தண்ணி கெடந்ததால பொழைச்சாரு" என்றார்.

தந்தையார் சொன்ன இரண்டு விதிகளில் முதல் விதி முற்றிலும் அறிவியலுக்கு ஒத்தது. ஆக்சிஜன் 16, 17 விழுக்காட்டிற்கு இறங்கினால் சுடர் அணையும். அந்த அளவில் மனிதன் இன்னும் நினைவோடு இருப்பான். ஆகவே மனிதனுக்கு முன்னால் விளக்கு விழுந்து எச்சரிக்கிறது. ஆனால் இரண்டாவது விதி அவ்வாறன்று. கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும் அளவில் இருந்தாலும் சுடர் ஆடாமல் எரியும். ஹைட்ரஜன் சல்பைடும் அப்படியே. செப்டிக் டேங்கிலோ விளக்கை இறக்குவதே தீ வைப்பதற்குச் சமம். விளக்கு ஆக்சிஜனை மட்டுமே அறியும். மற்ற மூவரையும் அதற்குத் தெரியாது.

வேப்பங்கொத்தும் நல்ல முறையே, அடிக்காற்றைக் கலக்கும். ஆனால் அதன் வீச்சு சில அடிகள்தாம். தண்ணீர் ஊற்றுவது மேற்காற்றைத் தன்னோடு இழுத்துச் செல்லும். கரியமில வாயுவில் ஒரு பகுதியைக் கரைக்கும். கார்பன் மோனாக்சைடோ நீரில் கரைவது மிகமிகக் குறைவு. ஆக, முன்னோர் முறைகள் பொய்யல்ல. அவர்கள் காலத்துக் கிணற்றுக்கு அவை ஓரளவு போதுமானவை. அன்று கிணற்றில் எஞ்சின் இல்லை. கொல்லையில் செப்டிக் டேங்க் இல்லை.

மேலைநாட்டிலும் இவ்வளர்ச்சியைக் காண்கிறோம். சுரங்க விபத்துகளை ஆராய்ந்த ஹால்டேன் என்னும் அறிஞர், வெடிவிபத்தில் மாண்டவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது கார்பன் மோனாக்சைடே என்று 1896-ஆம் ஆண்டு அறிக்கை தந்தார். விளக்கால் அதைக் காண முடியாதென்பதால் சிறு உயிர்களைக் கொண்டுசெல்லச் சொன்னார். அதுமுதல் கானரிப் பறவை சுரங்கத்தில் துணையாயிற்று. 1986-ஆம் ஆண்டளவில் மின்னணுக் கருவி வந்து பறவைக்கு விடுதலை அளித்தது. இன்று கைக்கடக்கமான ஒரு கருவி ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகிய நான்கையும் ஒரே நேரத்தில் அளந்து, ஆபத்தானால் ஒலி எழுப்பும்.

உடம்பு ஏன் எச்சரிப்பதில்லை?

'மூச்சு முட்டினால் மேலே வந்துவிடலாமே' என்று சிலர் கேட்பர். நமக்கு மூச்சு முட்டும் உணர்வைத் தருவது ஆக்சிஜன் குறைவு அன்று. இரத்தத்தில் கரியமில வாயு மிகுவதே முதன்மைக் காரணம். ஆக்சிஜன் மட்டும் குறைந்த காற்றைச் சுவாசிக்கும்போது கரியமில வாயு வழக்கம்போல் வெளியேறிக்கொண்டிருக்கும். ஆகவே முட்டலும் இல்லை, திணறலும் இல்லை. தெம்பாகவே இருப்பதுபோல் தோன்றி, அடுத்த நொடி கால் மடங்கும்.

'மூச்சை அடக்கிக்கொண்டு போய்த் தூக்கி வந்துவிடுவேன்' என்பது மற்றொரு நம்பிக்கை. நினைவிழந்த ஓர் ஆளின் அறுபது கிலோ எடையை ஒரே மூச்சில் ஏணி வழியே தூக்கிவர எந்த வீரனாலும் இயலாது. பாதி வழியில் அவன் வாய் தானே திறக்கும். முதல் மூச்சிலேயே அவனும் விழுவான்.

சட்டம் சொன்னது

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 36-ஆம் பிரிவில் இதற்கு விதி வகுத்தது. நச்சு வாயு இருக்கக்கூடிய தொட்டி, குழி, குழாய் முதலிய அடைபட்ட இடத்தில் நுழைய வேண்டுமானால், தகுதியுள்ளவர் சோதித்து எழுத்து மூலம் சான்றளிக்க வேண்டும். அல்லது, நுழைபவர் சுவாசக் கருவி அணிந்து, கயிற்றோடு இணைத்த பெல்ட்டைக் கட்டியிருக்க வேண்டும். கயிற்றின் மறுமுனை வெளியே நிற்பவர் கையில் இருக்க வேண்டும். எளிய விதி; ஆனால் அது ஆலைக்கு வகுத்த விதி. ஊர்க் கிணற்றடியில் சான்று எழுத யார் இருக்கிறார்?

செப்டிக் டேங்கிலும் சாக்கடையிலும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்தது. அந்த வேலையைச் சில சாதியினர் தலையில் மட்டும் சுமத்திய கொடுமையையும் அச்சட்டத்தின் முகவுரை எடுத்துரைக்கிறது. அவ்வாறு இறந்தோர் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் வழங்க 2014 மார்ச் 27-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபர் 20-ஆம் நாள் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது நன்றே. ஆனால் ஒரு கயிறும் ஒரு காற்றுக் குழாயும் இருந்தால், அத்தொகையை யாரும் பெறவேண்டிய நிலையே வராது.

செய்ய வேண்டியவை

ஒன்று: இறங்காமல் முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். கிணற்றில் வாளி விழுந்தால் நம் பாட்டிமார் ஆளை இறக்கவில்லை. பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டித் துழாவி எடுத்தனர். அடைபட்ட இடத்தின் முதற்பாடம் அந்தப் பாதாளக் கரண்டியில் இருக்கிறது. செப்டிக் டேங்கிற்குக் கழிவுநீர் உறிஞ்சும் லாரியை அழைக்க வேண்டும்; 14420 என்ற எண் அதற்கென்றே உள்ளது.

இரண்டு: எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கலாகாது. அங்கே எஞ்சின் ஓடிய நாளில் எக்காரணம் கொண்டும் இறங்கலாகாது. வெடி வைத்த கிணற்றில் புகை கண்ணுக்கு மறைந்தது போதாது. காற்றைச் செலுத்தி மாற்றிய பிறகே இறங்க வேண்டும்.

மூன்று: காற்றை அடிவரை செலுத்த வேண்டும். மேலே மின்விசிறி வைத்தால் போதாது. குழாயின் முனை அடியைத் தொட வேண்டும். பாறை துளைக்கும் கம்ப்ரஸர் கிணற்றடியிலேயே நிற்கிறதல்லவா? அதன் குழாயையே இதற்குப் பயன்படுத்தலாம். ஆனால் எஞ்சின் புகை கம்ப்ரஸருக்குள் இழுக்கப்படாதவாறு காற்றுவாட்டம் பார்த்து நிறுத்த வேண்டும். ஆள் உள்ளே இருக்கும்வரை காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மருத்துவமனை ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடுவது தீ விபத்தை வரவழைக்கும்.

நான்கு: கயிறு. இறங்கிய பின் அவிழ்க்காத கயிறு. இதை நான் சொன்னபோது, "இடுப்புல கயித்தோட மண்ணு அள்ள முடியாது தம்பி, காலுல சுத்தும்" என்றார் என் தந்தையார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. இடுப்பில் கட்டினால் சுற்றத்தான் செய்யும். மயங்கிய ஆளைத் தூக்கும்போது உடல் இரண்டாக மடங்கவும் செய்யும். தோளையும் மார்பையும் தொடையையும் பற்றும் பட்டையில், முதுகுப்புறத்து வளையத்தில் கயிற்றை மாட்டினால் அது தலைக்கு மேலே நேராகப் போகும். அதைத் தளர்த்தியும் இழுத்தும் பிடிக்க மேலே ஓர் ஆள் வேண்டும். வேறு வேலை செய்யாத ஆள். 'அந்த ஆளுக்கு யார் கூலி தருவது?' என்பதே கிணற்றடியில் எழும் உண்மையான கேள்வி. கிணற்றுச் சொந்தக்காரர் தர வேண்டும். அந்தக் கூலியையும் கிணறு வெட்டும் செலவோடு சேர்த்தே பேசி முடிக்க வேண்டும்.

ஐந்து: உள்ளே இருப்பவர் குரல் கொடுக்காவிட்டால், இறங்காதீர்கள். கயிற்றை இழுங்கள், காற்றைச் செலுத்துங்கள், 101 அல்லது 112-க்குச் சொல்லித் தீயணைப்பு, மீட்புப் பணித் துறையை அழையுங்கள். அவர்கள் சுவாசக் கருவியோடு வருவார்கள். உறவினர் பாய முயன்றால் பிடித்து நிறுத்துங்கள். அந்த நேரத்தில் அது இரக்கமற்ற செயலாகத் தோன்றும். ஆனால் வாக்கடியில் இறந்த ஐவரில் முதல்வர் நீங்கலாக மற்றவர்களின் உயிர் அப்படி ஒருவர் பிடித்து நிறுத்தியிருந்தால் மிஞ்சியிருக்கும்.

மாணவத் தோழர்களே! நம்மில் பலர் சிற்றூர்களிலிருந்து பேருந்து ஏறி வருகிறவர்கள். ஏதேனும் ஒரு கிணற்றடியில் நம் தந்தையோ, அண்ணனோ, பங்காளியோ நிற்கக்கூடும். ஹைட்ரஜன் சல்பைடின் வாய்பாட்டைத் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெறுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. வருகிற கோடை விடுமுறையில் ஊரில் தூர் வாருகிறார்கள் என்று கேள்விப்பட்டால், அங்கே போய் நில்லுங்கள். எஞ்சின் ஓடியதா என்று கேளுங்கள். காற்றுக் குழாய் அடிவரை போகிறதா என்று பாருங்கள். கயிற்றின் மறுமுனை யார் கையில் இருக்கிறது என்று விசாரியுங்கள். யார் கையிலும் இல்லையென்றால், நீங்களே அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.